உறுப்பினர் எண் 1107

பார்சலைப் பிரித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் புத்தகத்தில் முன்பதிவுச் சீட்டு முளைத்திருந்தது.

'1107' என்று சின்னவளின் கையெழுத்து.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த நூலகத்தில் வேலை செய்வது இரண்டே பேர். வாசகர்களுக்கு ஒருத்தி பெரிய மேடம், இன்னொருத்தி சின்ன மேடம்.

விண்வெளிக் கதை என்றால் பெரியவளுக்கு உயிர். வந்திருப்பது ஒரு தொடரின் மூன்றாம் பாகம். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏழு பேரை ஆளில்லாத கிரகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிப் போய்விட்டது. இரண்டு வருஷமாக அந்த ஏழு பேரும் அவள் மனசில் அங்கேயே நிற்கிறார்கள்.

வாசகர் யாரும் கேட்காவிட்டால்தான் புதுப் புத்தகத்தைப் பணியாளர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அது விதி.

"யாரும்மா இந்த 1107?"

"சாயந்திரம் தெரிஞ்சுடும்கா" என்று சிரித்தாள் சின்னவள்.

சிரிப்பைப் பார்!

முகத்தைப் பார்த்ததுமே வாசகரின் எண்ணைச் சொல்லிவிடுவாள் பெரியவள். இந்த எண்ணுக்கு மட்டும் எந்த முகமும் வரவில்லை. கம்ப்யூட்டர் இருப்பதோ சின்னவளின் மேஜையில். அவளை எழுந்திருக்கச் சொல்லிப் பார்க்க ரோஷம் விடவில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்தார்.

"சின்ன மேடம் இல்லையா? போன வாரம் அவங்க சொன்ன கதை பிரமாதம்!"

"என்கிட்ட கேளுங்களேன்."

"பரவாயில்லம்மா, வரட்டும்."

ஒன்பது வருஷம் இவருக்குப் புத்தகம் பொறுக்கிக் கொடுத்தது யாராம்?

உள்ளேயிருந்து வந்த சின்னவள் ஒரு புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். "முதல் நாப்பது பக்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிங்க சார். அப்புறம் கீழ வைக்க மாட்டீங்க."

அது பெரியவளின் வசனம். வார்த்தை பிசகாமல் அவளுடையது!

மதியம், மாதம் ஒரு முறை வரும் பைண்டர் கிழிந்த புத்தகங்களை எடுத்துப் போகக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் சாப்பிடப் போயிருந்தாள். பெரியவள் 'தையல் விட்டுவிட்டது' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதினாள். மூன்றாம் பாகத்தோடு சேர்த்துக் கட்டுக்குள் தள்ளினாள்.

"என்னம்மா, புதுசு மாதிரி இருக்கே?"

"இப்பல்லாம் புதுசுதான் சீக்கிரம் பிரியுது."

எதிராளிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். ஒரு மாதத்துக்கு அவளுக்கும் புத்தகம் இல்லை, அந்த 1107-க்கும் இல்லை.

சாயந்திரம் சின்னவள் அலமாரியைக் குடைந்தாள்.

"அக்கா, 1107-க்கு எடுத்து வெச்சதைப் பார்த்தீங்களா?"

"தையல் விட்டிருந்துச்சு. பைண்டிங்குக்கு அனுப்பிட்டேன். ஒரு மாசம் காத்திருக்கச் சொல்லு."

சின்னவளின் முகம் சுருங்கியது. பெரியவளுக்கு அடிவயிறு வரை குளிர்ந்தது.

"ஐயோ, இன்னிக்கே கையில கொடுத்து அசத்தலாம்னு இருந்தேனே!" சின்னவள் டிராயரிலிருந்து பழுப்பேறிய உறுப்பினர் அட்டை ஒன்றை எடுத்தாள். "பழைய பெட்டியில கிடைச்சுதுக்கா. பணியாளர்தானே முன்பதிவு பண்ணக் கூடாது? இது நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி வாங்கினது. புதுப்பிச்சுட்டேன். இந்தக் கதைங்களைப் பத்தி நான் பேசுறதெல்லாம் உங்ககிட்ட கேட்டதுதானே? அந்த ஏழு பேரை நினைச்சு நீங்க தவிச்ச தவிப்பை வேற யார் பார்த்தாங்க!"

பெரியவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். எண் 1107. பக்கத்தில் ஒட்டியிருந்த போட்டோவில், இருபத்திரண்டு வயசுப் பெரியவள் மூக்கும் முழியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை தானாகப் போய் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.