சம்மதம் சொன்ன குரல்

மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் மோட்சராக்கினி ஒரே பிடியாய் இருந்தாள். "பீடத்துக்கு முன்னால நான் வாயே திறக்கல, சாமி. இந்தக் கல்யாணம் செல்லாது."

புருஷன் சவரியான் விடுவானா? ஒன்பது வருடத்துக்கு முந்தைய கல்யாண ஒலிப்பதிவோடு வந்திருந்தான். "கேளுங்க சாமி! கோயிலே அதிர ‘சம்மதம்’னு சொல்றா!"

வழக்கை விசாரித்த குருவானவர் அதை, ஊரார் குரலையெல்லாம் பிரித்தறியும் குரல்மானியில் போட்டார். இப்போதெல்லாம் நூறு சாட்சிகளைவிட அந்தப் பெட்டிக்குத்தான் மதிப்பு.

"சம்மதம் சொன்னவர் மணப்பெண் அல்ல," என்றது பெட்டி. "பின்னால் நின்ற அவரது அத்தை சூசையம்மாள்."

குருவானவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘செல்லாது’ என்று முத்திரை குத்தினார்.

மோட்சராக்கினி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து சவரியானைப் பார்த்தாள். "உங்களுக்குச் சம்மதம் சொன்னவங்க வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. கூட்டிட்டுப் போங்க!"