மூலையில் ஒரு பச்சைக் கட்டம்

"அது ஆளு இல்லம்மா, தோலு. நான் சொல்றேன்ல?" என்றார் சூப்பர்வைசர் கார்முகிலன்.

சௌம்யா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆம்பூர் டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கும் கூடம் திரையில் தெரிந்தது. மர ஸ்டாண்டுகளில் தொங்கிய தோல்களின் ஓரங்கள், தண்ணீருக்கடியில் இருப்பவை போல மெல்ல அசைந்தன. கடைசி மூலையில் மட்டும் ஒரு பச்சைக் கட்டம்: 'ஆள்'. அதற்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேமராவில் ஆள் தெரிந்தால் ஃபேன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தானாக நிற்க வேண்டும். அதுதான் அவளுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட். முதலாளி ஷோயப் பாய் இன்று பார்த்துச் சரி என்றால் டேனரி முழுக்கப் பொருத்துவார். இல்லையென்றால் இன்றே கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"உள்ள போய்ப் பார்த்துட்டு வரலாமாண்ணா?"

"எல்லாரையும் சாப்பிட அனுப்பிட்டு நான்தானே கதவைச் சாத்துனேன்? நாம போனா நம்மளையும் ஆளுன்னு புடிச்சு எல்லா ஃபேனையும் போட்டுடும். பாய் வர்ற நேரம், பேஜாராயிடும்."

"கேமரா விடாம ஆளுன்னே சொல்லுதே."

"அது இன்னா விலைம்மா?"

"ரொம்பக் கம்மிண்ணா. அதான் இதோட விசேஷமே."

"அதான் எருமைத் தோலுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியல!" கார்முகிலன் குலுங்கிச் சிரித்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "சரி, அந்த மூலையைப் பார்க்காதேன்னு சொல்லிடறேன்."

விசைகளைத் தட்டினாள். பச்சைக் கட்டம் மறைந்தது. ஃபேன் தயங்கி, தயங்கி, நின்றது. தோல்களின் அசைவும் அடங்கியது. பாலாற்றங்கரை டேனரிகளில் ஆளில்லாத மூலைகள் ஒவ்வொன்றாக இப்படி ஓய்வதை அவள் எத்தனையோ மதியங்களில் கற்பனை செய்திருக்கிறாள். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் தூசி மட்டும் மிதந்தது.

"இப்ப வரட்டும்ணா பாய்!"

கூடத்தின் கதவு திறந்தது. வியர்வையைத் துடைத்தபடி ஷோயப் பாய் வெளியே வந்தார்.

"உன் கேமரா கண்டுபிடிக்குதான்னு பார்க்கத்தான்மா பின்வாசல் வழியா வந்து தோலுக்கு நடுவுல படுத்துக்கிட்டேன். இவ்வளவு நேரம் கரெக்டா பார்த்துச்சே, இப்ப இன்னா ஆச்சு?"