அங்கிள் வேண்டாம்

"நாம முதல்ல எங்க சந்திச்சோம்?"

"ஈப்போவுல. ரொட்டிச் சானாய் கடையில. நல்ல மழை. என்கிட்ட குடை இருந்துச்சு, உன்கிட்ட இல்ல."

"குடை என்னா கலரு?"

"நீலம். போதும் லா தர்மா. தாப்பாவுல இருந்து இதையே கேட்டுக்கிட்டு வர்ற."

கார் ரிங்லெட் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் வளைந்து ஏறியது. சுபத்ரா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தீபாவளி லீவோடு அவன் கல்யாணத்தையும் பேசி முடிக்க வீட்டில் ஏற்பாடு. நாளைச் சாயங்காலம் தானா ராத்தா ஊரிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. "எனக்கு ஆள் இருக்கு" என்று போனில் சொல்லி உடனே வைத்துவிட்டான்.

ஆள் இல்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சுபத்ராவிடம் உதவி கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் சரி என்றுவிட்டாள்.

"அப்பாவ அங்கிள்னு கூப்பிடு. அம்மாவ ஆன்ட்டி. ரெண்டு நாளுதான், ரொம்ப உறவு கொண்டாடாத."

"அங்கிள் வேண்டாம். மாமா, அத்தைன்னுதான் கூப்பிடுவேன். இல்லன்னா இப்பவே காரைத் திருப்பு."

"ஓசியில நடிக்க வந்துட்டு ஓவர் ஆக்டிங் வேற!"

தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அப்பா கருப்பையா நின்றிருந்தார். தோட்டத்துக் கங்காணி. ஒரு கனைப்பில், கொழுந்து பறிக்கிற வரிசை முழுவதையும் நிமிர வைப்பவர்.

"வணக்கம் மாமா," என்றாள் சுபத்ரா.

கருப்பையா கனைக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"ருக்கு, வந்த பொண்ண உள்ள வந்து உக்காரச் சொல்லு."

"உள்ள வந்து உக்காரும்மா," என்று ஒப்பித்தாள் ருக்குமணி.

தேத்தண்ணீர் வந்தது. "சீனி போதுமான்னு கேளு," என்றார் சுவரைப் பார்த்து.

"போதும் மாமா."

"போதுமாம்," என்றாள் ருக்குமணி. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, எதிர்லதானே உக்காந்திருக்கு புள்ள. நீங்களே கேட்டா வாயில முத்து உதிர்ந்துருமா?"

"காதல்னு சொல்லிக்கிட்டு வர்ற எந்தப் பொண்ணுகிட்டயும் நான் பேச மாட்டேன். பாஞ்சாலை லோரிக்காரன் பின்னால ஓடுனாளே, அன்னிக்கு எடுத்த முடிவு. கூடப் பொறந்தவகிட்டயே பேசல. இவ யாரு?"

"அத்தைய நான் பாத்தது கூட இல்லப்பா," என்று தர்மா முனகினான். "அவங்க மேல உள்ள கோவத்த என் மேல ஏன் காட்டுறீங்க?"

கருப்பையா முறுக்குத் தட்டைச் சுபத்ரா பக்கம் மெல்ல நகர்த்தினார். "ருக்கு, அந்தப் பொண்ண எடுத்துக்கச் சொல்லு."

ருக்குமணி சுபத்ராவை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். அப்பாவும் மகனும் தனியே இருந்தார்கள்.

"எங்கடா பாத்த இவள?"

தர்மா மூச்சுவிடாமல் சொன்னான். ஈப்போ, ரொட்டிச் சானாய் கடை, மழை, நீலக் குடை.

"ம்," என்றார் கருப்பையா. அவ்வளவுதான். தப்பித்தோம் என்று தர்மா முறுக்கை எடுத்துக் கடித்தான்.

அடுப்படியிலிருந்து ருக்குமணி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். பின்னாலேயே சுபத்ரா. "ஏங்க, கதையக் கேளுங்க! ஈப்போவுல ரொட்டிச் சானாய் கடையாம். மழையாம். நீலக் குடையாம்!"

கருப்பையா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ருக்கு, நம்ம கல்யாணத்தன்னிக்கு மழையா, வெயிலா?"

"மழை. கூறைச் சேலை பூரா சேறு."

"வெயிலு. எனக்கு வேர்த்து ஊத்துச்சு."

"அது பயத்துல வேர்த்தது."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "பாத்தியாடா? முப்பது வருசமா இந்தச் சண்டை முடியல. நெசமா நடந்தத ரெண்டு பேரு ஒரே மாதிரி சொல்லவே மாட்டாங்க. ஒங்களுக்குக் குடை கலரு வரைக்கும் ஒத்துப் போவுது. எவ்ளோ நேரம்டா ஒத்திகை பாத்தீங்க?"

"தாப்பாவுல இருந்துப்பா," என்று உளறினான் தர்மா. முறுக்கு தொண்டையில் சிக்கியது.

ருக்குமணி வாயில் கை வைத்தாள். "அட பாவி! நல்ல புள்ளையா இருக்கேன்னு இப்பதான் பால் பணியாரத்துக்கு அரிசி ஊற வச்சேன்."

"பணியாரத்த நாளைக்கு வர்றவங்களுக்கு வையி," என்றார் கருப்பையா. "டேய், நல்ல சட்டையா போட்டுக்கிட்டு ஒழுங்கா உக்காருற. ருக்கு, அந்தப் பொண்ணுக்கு ஈப்போ பஸ் எத்தன மணிக்குன்னு சொல்லி அனுப்பு."

தர்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சுபத்ரா பையைத் தோளில் மாட்டினாள்.

"மன்னிச்சிருங்க மாமா."

"அதான் நடிப்பு முடிஞ்சிருச்சுல்ல. இன்னும் என்னா மாமா?"

கேட்ட பிறகுதான், நேராக அவளிடமே பேசிவிட்டது கருப்பையாவுக்கு உறைத்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பார்வையை அவரால் எடுக்க முடியவில்லை.

"யாரு மக நீ?"

சுபத்ரா பையைக் கீழே வைத்தாள்.

"பாஞ்சாலை மக, மாமா."