பல்புக்கு ஒரு நட்சத்திரம்

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. ஒரு வீட்டு வாசல் பல்பு மட்டும் மொட்டையாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கத்தரிக்கோலும் பசை டப்பாவும் சிவப்புத் தாளோடு வாசலுக்கு வந்தன.

"உனக்கு ஒரு நட்சத்திரம் செய்யப்போறோம். நாங்க சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதே," என்றன. பல்பு சமர்த்தாக அணைந்துகொண்டது.

செய்து பார்த்தால் ஒரு முனை மட்டும் நீளம். கத்தரிக்கோல் அதை நறுக்கியது. இப்போது மற்ற நான்கும் நீளமாகத் தெரிந்தன.

"நீ ஒட்டினதுதான் கோணல்," என்றது கத்தரிக்கோல்.

"நீ வெட்டினது ரொம்ப நேரோ?" என்று பசை டப்பா குதித்த குதியில் தரையெல்லாம் பசை சிந்தியது.

நறுக்க நறுக்கச் சண்டை வளர்ந்தது, நட்சத்திரம் தேய்ந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு வட்டம். வேறு வழியில்லாமல் அதையே தூக்கிக் காட்டின.

பல்பு கண்ணைத் திறந்து குழம்பியது. "என்ன இது, அப்பளமா?"

"இவன் செஞ்சது!" என்றன இரண்டும் ஒரே குரலில்.

பல்பின் பார்வை தரைக்குப் போனது. நறுக்கி விழுந்த சிவப்பு முனைகள் ஈரப்பசையில் ஒட்டிக்கொண்டு வாசல் முழுக்க மின்னின.

"அடேயப்பா! எனக்கா இத்தனை நட்சத்திரம்? யாருப்பா செஞ்சது?"

இரண்டுக்கும் ஒன்றும் புரியவில்லை. குப்பையையா சொல்கிறது? குனிந்து தரையைப் பார்த்தன. மெல்ல நிமிர்ந்தன.

"நான்தான்," என்றது கத்தரிக்கோல்.

"நான்தான்," என்றது பசை டப்பா.