இரண்டு துடுப்பும் ஒரு புத்தகமும்

ஏரிப் போட்டியில் வருஷா வருஷம் கடைசியாக வருகிற படகு ஒன்று இருந்தது. அதன் இடப்பக்கத் துடுப்புக்கு அது பெரிய மானக்கேடு. வேகமாகத் துடுப்பு வலிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்று படகுக்கு வந்து சேர்ந்ததும், அந்தத் துடுப்பு அதை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்துவிட்டது.

மறுநாள் அது புத்தகத்தில் உள்ளபடியே நீளமாக வலித்தது. வலப்பக்கத் துடுப்போ பழையபடி குட்டை குட்டையாக வலித்தது. படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. வாத்துகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"என்ன தம்பி, படித்தும் இப்படி ஆகிவிட்டதே" என்றது இடத்துடுப்பு.

"படித்தது நீங்கள் மட்டும்தானே, அண்ணே" என்றது வலத்துடுப்பு.

இடத்துடுப்புக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து புத்தகம் இரண்டு துடுப்புக்கும் வாரத்துக்கு ஒரே ஒரு வரி வாசித்துக் காட்டியது. 'தண்ணீரை அடிக்காதே, பிடித்து இழு' என்பது முதல் வரி. இரண்டும் அதையே சேர்ந்து சேர்ந்து செய்து பார்த்தன.

அந்த வருஷம் படகு மூன்றாவதாக வந்தது. துடுப்புகள் குதித்த குதியில் புத்தகம் தொப்பலாக நனைந்துவிட்டது. இடத்துடுப்பு பதறிப்போனது.

"இருக்கட்டும்பா" என்று சிரித்தது புத்தகம். "தண்ணீரைப் பற்றி நூறு பக்கம் பேசியிருக்கிறேன். அது இத்தனை குளிர்ச்சியாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."