இரண்டாவது ஃபேன்

கோவை மாவட்டத்தில் நவீன கலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர்.

இன்னொருவர் யாரென்று அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. கல்லூரி கேன்டீனில், டீ ஆறிப் போகும்வரை, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்வான்.

இப்போது கலை மையத்தின் கருத்துப் பதிவேட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான், ஃபோனும் கையுமாக.

முன்பு நூற்பாலையாக இருந்த கட்டடம். கீழே கண்காட்சி. மாடியில் வாடகைக்கு ஒரு ஹால். இன்று அங்கே ரிசப்ஷன், நாளை உரக் கம்பெனியின் முகவர் கூட்டம்.

கண்காட்சி பார்த்தவர்கள் கருத்து எழுத வேண்டும் என்று பதிவேட்டை வாசலிலேயே வைத்திருந்தார்கள்.

எழுதினார்கள்.

‘பார்க்கிங் வசதி நன்று.’

‘கழிவறை சுத்தம். கண்ணாடி மட்டும் சின்னது.’

‘உட்கார நாற்காலி போதவில்லை.’

‘மணமக்கள் நீடூழி வாழ்க. இப்படிக்கு, பெரியப்பா குடும்பத்தார், பல்லடம்.’

இவர்கள் மாடிக்குப் போக வேண்டியவர்கள்.

கலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதியதில்லை என்பது அவன் தீர்ப்பு. அதனால் அவன் அந்தப் பக்கங்களைப் படம் பிடிப்பான். இன்ஸ்டாவில் போடுவான். கூடவே ஒரு வரி, செய்தி வாசிப்பவரின் தோரணையில். கல்லூரி சிரிக்கும். சில நாள் ஊரும் சிரிக்கும்.

போன ஞாயிறு போட்டதற்கு ஊர் உருண்டு புரண்டது.

‘இரண்டாவது ஃபேனில் பேரிங் சத்தம் வருகிறது. கவனிக்கவும்.’

கீழே ஒரு கையெழுத்து. பெயர் இல்லை.

‘கலைக் கண்காட்சிக்கு வயர்மேன் வருகை’ என்று தலைப்பு வைத்தான். ஆறாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

அந்த ஃபேனுக்கு நேர் கீழேதான் ஜெசிந்தாவின் சட்டை தொங்கியது. அவன் வகுப்பில் படிப்பவள். அவளுடைய முதல் கண்காட்சி. பழைய மோட்டார்களிலிருந்து உரித்த செம்புக் கம்பியால் பின்னிய, உள்ளே ஆள் இல்லாத, முழுக்கைச் சட்டை.

அதைப் பற்றிப் பதினோரு பக்கத்துக்குக் கட்டுரை எழுதப்போவதாக அவளிடம் சொல்லியிருந்தான். அத்தனை மோட்டார் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்டதில்லை.

இன்று கடைசி நாள்.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். பதிவேட்டைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

“நீ போட்டியே, ஃபேன் ஆளு. அந்தக் கையெழுத்து என் ரேங்க் கார்டு எல்லாத்துலயும் இருக்கும்.”

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

விளங்கியதும் காது சுட்டது.

“அப்பா வந்திருக்காரு. வெளிய வண்டிய நிறுத்திட்டு இருக்காரு. உன்னப் பாக்கணுமாம்.”

ஓடிவிடலாம். ஆனால் கட்டடத்துக்கு ஒரே வாசல்.

வந்தார். திண்டுக்கல்லில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். நகக்கண்களில் வார்னிஷ் கறை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதன் பையிலும் ஒரு டெஸ்டர்.

அடிப்பார் என்று நினைத்தான்.

அடித்திருக்கலாம்.

அவர் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்கதானா அது! கடைக்கு வந்த கஸ்டமர் ஒருத்தர் காட்டுனாரு. ஆறாயிரம் பேராமே! கமெண்ட்டுல எல்லாரும் சிரிச்ச மொகமாவே போட்டிருக்காங்க.”

அவன் சிரித்தான். கையை விடுவித்துக்கொள்ளத் தெரியவில்லை.

“மேல ஒரு வரி எழுதியிருந்தேன். அது மட்டும் படத்துல விழுகல. பரவால்ல தம்பி. ஃபோன் சின்னதுதான?”

ஜெசிந்தா பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் விரலை வைத்தாள்.

‘சட்டை என் அளவில் இருக்கிறது.’

அந்த வரி அவனுக்குத் தெரியும். போடுவதற்கு முன் அவன்தான் வெட்டினான். அதில் சிரிப்பு இல்லை.

ஜெசிந்தா விளக்கைச் சரிசெய்யப் போவதுபோல அப்பால் நகர்ந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“என்னை ஒரு தடவகூட அளவெடுக்கல தம்பி. கண்ணாலயே எடுத்திருக்கா.”

அவன் திரும்பிப் பார்த்தான். செம்புச் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவருடையதும்.

பத்து நாளாக அவன் அதன் முன்னால் நின்றிருக்கிறான். நண்பர்களை நிற்கவைத்து விளக்கியிருக்கிறான். தோளைப் பார்க்கவில்லை.

அவர் பேனாவை எடுத்து நீட்டினார்.

“நீங்களும் ஒன்னு எழுதுங்க. படிச்சவங்க. பாப்பாவுக்கு சந்தோஷமா இருக்கும். எனக்கு அவ்வளவுதான் எழுத வந்துச்சு.”

பேனாவை வாங்கிக்கொண்டான்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதலாம். எதற்கு என்று கேட்பார். சொல்ல வேண்டிவரும். அந்தச் சிரித்த முகங்கள் எதைப் பார்த்துச் சிரித்தன என்பதையும் சேர்த்து.

சட்டையைப் பற்றி எழுதலாம். பதினோரு பக்கமும் தலைக்குள்தான் இருந்தது. தேடிப் பார்த்தான். இந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது எழுதக்கூடிய ஒரு வாக்கியம் அதில் இல்லை.

அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதும் இடத்தை மறைக்காமல் மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்றார்.

மாடியில் நாதஸ்வரம் தொடங்கியது.

அவன் குனிந்தான்.

‘குடிதண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.’

காலையிலிருந்து அவன் ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.