நூறாவது கையெழுத்து

குமாஸ்தா பிரான்க்ளின் அடிமட்டம் வைத்து ராமாத்தாளின் பெயரை அடித்தான்.

நூறு தொண்ணூற்றொன்பது ஆனது.

நகராட்சி அலுவலகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் மோகனா நின்றிருந்தாள். மலாக்காவின் பாயா ரும்புட் வட்டாரப் பிள்ளைகள் சறுக்குப் பலகை விட ஒரு ஸ்கேட் பார்க் வேண்டும். நூறு பேர் கேட்டால்தான் மனு மேலே போகும். இன்றுதான் கடைசி நாள். சுவரில் மணி நான்கு பத்து. நாலே காலுக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

"அந்தப் பாட்டியோட ஐசி அட்டை சிவப்புக்கா. சிவப்புன்னா குடியுரிமை இல்லாதவங்க, போட்டா செல்லாது லா."

பிரான்க்ளின் நல்ல பையன்தான். சட்டம் அவன் போட்டதல்ல.

செங் பகுதியில் உள்ள தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு, மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் மோகனா. தயங்கியவர்களிடம், "ஒரு கையெழுத்துதானே, போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று கேலி பேசியே வாங்கினாள். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திய வீடுகளுக்கும் மறுபடி போனாள். மகள் கோமளா சாலையில் பலகை விட்டு லாரியில் அடிபட்ட அன்றே, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அந்தக் கோமளா வெளியே பெஞ்சில், மாவுக்கட்டுக் காலை நீட்டி, பலகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கட்டைப் பிரித்த மறுநாளே அதே சாலைக்குத்தான் போவாள். சொன்னால் கேட்கிற பெண் அல்ல.

பிரான்க்ளின் தாளைப் புரட்டினான்.

"முதல் பேரு உங்க வீட்டுக்காரரு. உங்க பேர எங்கயும் காணோமே? நீங்களே போட்டுடுங்கக்கா, நூறு ஆயிடும்."

பேனாவையும் நீட்டினான்.

பெயர், அடையாள அட்டை எண், அட்டையின் நிறம், கையெழுத்து. நான்கே கட்டங்கள்.

மோகனா பேனாவின் மூடியைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"ஐசி வீட்டுல இருக்கு தம்பி."

"நம்பர் மனப்பாடமா தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஜன்னலை மெதுவாகத்தான் சாத்தினான்.

வெளியே வந்தவளிடம் கோமளா, "எத்தன கொறையுதும்மா?" என்றாள்.

"ஒன்னுதான்."

மகள் எழுந்திருக்கத் தோள் கொடுத்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

ராமாத்தாளின் பெயரை மோகனா தெரியாமல் சேர்க்கவில்லை. அது யார் கண்ணிலும் படாமல் போனால், அடுத்த வரியில் தன் பெயரையும் எழுதுவதாக இருந்தாள். ஊரார் பிள்ளையை விட்டு ஆழம் பார்த்த கதைதான். அந்தக் கிழவி எவ்வளவு ஆசையாகப் போட்டுக் கொடுத்தாள் என்பதை நினைக்க நினைக்க நெஞ்சை அறுத்தது.

பஸ்ஸுக்குச் சில்லறை தேடிப் பையைத் திறந்தாள்.

இதே மலாக்காவில், பிறப்பைப் பதியாத ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவளின் அட்டை, பர்சுக்குள் பத்திரமாக இருந்தது.

அதுவும் சிவப்பு.